எஃகில் மறைந்த வரிகள்

நுழையும்முன்

மெருகேற்றிய எஃகு கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும். அதனுள் நூற்றுக்கணக்கான அடுக்குகள் இருப்பினும் அவை புலப்படுவதில்லை. நீர்த்த அமிலக் கரைசலில் சில நிமிடங்கள் மூழ்கி எழும்போது அவ்வடுக்குகள் அலைகளாகவும் சுழிகளாகவும் வெளிப்படுகின்றன. கைவினைக் கொல்லர் கத்தியின் அலகில் வரிகளை வெளிக்கொணரும் இந்நுட்பத்தையும், அதன் பின்னுள்ள வேதியியலையும், அதனைக் கையாள்வோர் ஏற்க வேண்டிய பொறுப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடுக்குகளின் பிறப்பு

கையால் அடித்துச் செய்த கத்தியின் அலகில் நீரோட்டம் போன்ற வரிகளைக் காண்போர், அவற்றை யாரோ வரைந்திருக்கின்றனர் என்றே முதலில் எண்ணுவர். அவை வரையப்பட்டவை அல்ல. எஃகின் உடலிலேயே அமைந்தவை. இயல்பில் வேறுபட்ட இருவகை எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உலையில் வெண்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, வெண்காரம் தூவி, சம்மட்டியால் அடித்துக் கொல்லர் ஒன்றாக்குகின்றனர். உருகாமலேயே இரு தகடுகளும் ஒன்றாகப் பற்றிக்கொள்கின்றன. இதனைப் பற்றவைப்புக் கொல்வேலை எனலாம்.

இவ்வாறு ஒன்றிய கட்டியை நீட்டி, மடித்து, மீண்டும் பற்றவைக்கும்போது ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இருமடங்காகின்றன. 7 அடுக்குகளில் தொடங்கி 5 முறை மடித்தால் 224 அடுக்குகள் கிடைக்கும். கட்டியை முறுக்கினால் விண்மீன் போன்ற வடிவங்களும், குறுக்கே பள்ளங்கள் வெட்டித் தட்டையாக்கினால் ஏணிப்படி போன்ற வடிவங்களும், சிறு குழிகள் இட்டுத் தட்டையாக்கினால் மழைத்துளி போன்ற வட்டங்களும் தோன்றும். கோலத்தின் அமைப்பு முழுவதும் உலைக்களத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இன்றைய கைவினைக் கொல்லர் பெரும்பாலும் இருவகை எஃகுகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒன்று, 1084 என்னும் எண்ணால் வழங்கப்படுவது. இதில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு கரியும் சிறிதளவு மாங்கனீசும் உண்டு. மற்றொன்று, 15-என்-20 எனப்படுவது. இதில் ஏறத்தாழ 2 விழுக்காடு நிக்கல் கலந்துள்ளது. நிக்கல் கலந்த எஃகு அமிலத்தை எதிர்த்து நிற்கும். நிக்கல் இல்லாத எஃகு அமிலத்தால் விரைவில் அரிக்கப்பட்டுக் கருமையடையும். ஒரே கரைசல் இரண்டையும் ஒரே அளவாகத் தீண்டுவதில்லை. இவ்வேறுபாடே வரியாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

மூசையில் விளைந்த எஃகு

அடுக்கிப் பற்றவைக்காமலேயே வரிகள் கொண்ட எஃகும் உண்டு. இரும்பையும் மரக்கரி முதலிய கரிமப் பொருள்களையும் களிமண் மூசையில் இட்டு, வாயை அடைத்து, நெடுநேரம் காய்ச்சி மெல்லக் குளிரவிட்டால் கரி மிகுந்த எஃகுக் கட்டி கிடைக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பண்டு செய்யப்பட்ட இவ்வெஃகு, ஐரோப்பியரால் 'வூட்ஸ்' எனப்பட்டது. கன்னட, தெலுங்கு மொழிகளில் வழங்கும் 'உக்கு' என்னும் சொல்லின் திரிபாக அதனைக் கருதுவர். தமிழின் 'உருக்கு' என்னும் சொல்லும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு, எஃகு ஆக்கத்துக்கான உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் 'கொடுமணம்' என்னும் ஊரே இன்றைய கொடுமணல் என்பது அறிஞர் கருத்து.

இத்தகைய மூசை எஃகால் அடித்த வாள்களே மேற்கு ஆசியச் சந்தைகளின் வழியே ஐரோப்பாவிற்கு அறிமுகமாகி 'டமாஸ்கஸ்' என்னும் பெயரால் புகழ்பெற்றன. பாரசீகக் கொல்லர், மெருகேற்றிய அலகின்மேல் இயற்கையில் கிடைத்த இரும்பு சல்பேட்டுக் கனிமத்தை நீரில் கரைத்துப் பூசி வரிகளை வெளிப்படுத்தினர். இரும்பு சல்பேட்டு வகைகளுள் ஒன்றாகிய பெர்ரசு சல்பேட்டைத் தமிழ் மருத்துவ மரபு 'அன்னபேதி' என்னும் பெயரால் நன்கு அறியும்.

இங்கிலாந்தில் 1819ஆம் ஆண்டு வூட்ஸ் எஃகைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டவர், பின்னாளில் மின்காந்த ஆய்வுகளால் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே ஆவார். அவர் கொல்லர் ஒருவரின் மகன். கத்தி, அறுவைக் கருவிகள் செய்வதில் தேர்ந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு இணைந்து எஃகுக் கலவைகளையும் அவர் ஆராய்ந்தார். வூட்ஸின் தனித்தன்மைக்கு அலுமினியக் கலப்பே காரணம் எனப் பாரடே கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. மிகுதியான கரியே அடிப்படைக் காரணம் என்பதைப் பாரிசு நகரில் பிரெயாண்டும், உருசியாவின் சிலாட்டவுசுட்டு நகரில் பாவெல் அனோசோவும் தத்தம் சோதனைகளால் நெருங்கினர். வெனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலே கரியும் இரும்பும் சேர்ந்த கடினமான துகள்கள் வரிசை வரிசையாக அணிவகுக்கும் என்பதை வெர்கோவன், பென்ட்ரே ஆகியோரின் ஆய்வு 1998இல் எடுத்துக்காட்டியது.

தெரிந்து தெளிவோம்

இந்தோனேசியாவின் சாவகத் தீவில் 'கிரிசு' எனப்படும் வளைந்த குத்துவாளின் வரிகளை 'பாமோர்' என்பர். ஆண்டுதோறும் அவ்வாளைத் துப்புரவு செய்யும் சடங்கில், எலுமிச்சை இனப் பழச்சாற்றோடு ஆர்சனிக் கனிமத்தைக் கலந்து அலகில் பூசுவர். இரும்பு கருமையடைய, நிக்கல் மிகுந்த அடுக்குகள் வெண்மையாகவே நிற்கும். ஆர்சனிக் கொடிய நஞ்சாகையால் பயிற்சி பெற்றவர் மட்டுமே அச்சடங்கைச் செய்கின்றனர். கிரிசுக் கலையை யுனெசுகோ நிறுவனம் 2005இல் மானுடத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஏற்ற கரைசல் எது?

எஃகை அரிக்கும் அமிலங்கள் பல உள்ளன. ஆய்வுக்கூடங்களில் நைட்ரிக் அமிலத்தை எத்தனாலில் 2 முதல் 5 விழுக்காடு அளவில் கலந்து பயன்படுத்துகின்றனர். நைட்ரிக் அமிலத்தின் பங்கு கூடினால் அக்கலவை வெடிக்கும் தன்மை பெறும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூச்சுக்குழாயை எரிக்கும் புகையை விடுவதோடு, அருகிலுள்ள இரும்புக் கருவிகளையெல்லாம் துருப்பிடிக்கச் செய்யும். கந்தக அமிலம் நீரோடு கலக்கையில் கடும் வெப்பத்தை வெளியிடும். ஆகவே, பட்டறைகளில் பெரிதும் விரும்பப்படுவது பெர்ரிக் குளோரைடு கரைசலாகும். மின்னணுச் சுற்றுப்பலகைகளில் உள்ள செம்பை அரிப்பதற்கும் இதே பொருள் பயன்படுவதால், மின்னணுப் பொருள் கடைகளிலும் இது கிடைக்கிறது.

பெர்ரிக் குளோரைடு ஓர் உப்பு. ஆயினும் நீரில் கரையும்போது நீரோடு வினைபுரிந்து அமிலத்தன்மையை உண்டாக்குகிறது. எஃகை அரிப்பதில் முதன்மையான பங்கு பெர்ரிக் அயனிக்கே உண்டு. இரண்டு பெர்ரிக் அயனிகள் ஓர் இரும்பு அணுவிடமிருந்து எதிர்மின்னிகளைப் பெற்றுக்கொள்ள, அவ்வணு கரைந்துவிடுகிறது. முடிவில் மூன்றும் பெர்ரசு அயனிகளாகின்றன. அமிலங்களைப் போல இவ்வினை மிகுதியான வாயுக் குமிழிகளை எழுப்புவதில்லை. குமிழிகள் அலகில் ஒட்டிப் புள்ளிகளை உண்டாக்கும் குறையும் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. பெர்ரிக் அயனிகள் தீரத்தீரச் செம்பழுப்பாக இருந்த கரைசல் பச்சை கலந்த நிறமடையும். அதன் ஆற்றல் குறைந்துவருகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கரைசல் ஆயத்தம்

கரைசல் ஆயத்தம் செய்யும் இடம் காற்றோட்டம் மிக்கதாக இருத்தல் வேண்டும். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முன்தானை ஆகியவற்றை அணிந்த பின்னரே புட்டியைத் திறக்க வேண்டும். பெர்ரிக் குளோரைடு தோலையும் துணியையும் மஞ்சட்பழுப்பாகக் கறைப்படுத்தும். கண்ணில் தெறித்தால் கடும் தீங்கு விளைவிக்கும். அவ்வாறு தெறித்துவிட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரை நாட வேண்டும். கண்ணில் சோடாக் கரைசலை ஊற்றுதல் கூடாது.

கலனைத் தேர்வதிலும் கவனம் தேவை. கண்ணாடி அல்லது நெகிழிக் கலனே பொருத்தமானது. அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் வினை மிக வேகமாக நிகழ்ந்து கரைசல் கொதித்துப் பொங்கும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமும் நாளடைவில் அரிக்கப்படும். கத்தியின் அலகு செங்குத்தாக மூழ்கும் அளவுக்கு உயரமும், கவிழாத அளவுக்கு அகன்ற அடியும் கலனுக்கு வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் அடர் கரைசலில் பெர்ரிக் குளோரைடு ஏறத்தாழ 40 விழுக்காடு இருக்கும். அதன் ஒரு பங்குக்கு 3 பங்கு வாலை வடிநீர் சேர்ப்பது வழக்கம். 1 லிட்டர் கரைசல் வேண்டுமாயின் முதலில் 750 மில்லி லிட்டர் வாலை வடிநீரைக் கலனில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் 250 மில்லி லிட்டர் அடர் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கண்ணாடித் தண்டால் மெல்லக் கலக்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் கரைசலின் செறிவு எடையளவில் ஏறத்தாழ 13 விழுக்காடாக அமையும். செறிவு மிகுந்தால் அரிப்பு விரைந்து நிகழ்ந்து அடுக்குகளின் எல்லைகள் கரடுமுரடாகும். செறிவு குறைந்தால் நேரம் கூடும். ஆனால் கோடுகள் தெளிவாக அமையும். விரைவைவிடத் தெளிவே இங்குத் தேவை.

நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்; அமிலத்தில் நீரை ஊற்றுதல் கூடாது. இது வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதற்பாடம். அமிலத்தில் சிறிதளவு நீரை ஊற்றினால், வெளிப்படும் வெப்பம் முழுவதையும் அச்சிறு நீரே ஏற்றுக் கொதித்து, அமிலத்தை வெளியே தெறிக்கச் செய்யும். நீர் மிகுந்திருந்து அமிலம் சிறிதாகச் சேருமாயின், வெப்பம் நீர் முழுவதும் பரவி அடங்கும். பெர்ரிக் குளோரைடைப் பொடியாக வாங்கிக் கரைப்போர் இவ்விதியை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். நீரற்ற பொடி கரையும்போது மிகுந்த வெப்பமும் எரிச்சலூட்டும் புகையும் எழும். துணி வெளுக்கும் திரவத்தை இக்கரைசலின் அருகில்கூட வைத்தல் ஆகாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் வெளிப்படும்.

செம்பை அரிக்கப் பயன்படுத்திய பழைய கரைசலைக் கத்திக்குப் பயன்படுத்துதல் கூடாது. அதில் கரைந்துள்ள செம்பு அயனிகளை எஃகு இடப்பெயர்ச்சி செய்யும். அதனால் அலகின்மேல் செந்நிறச் செம்புப் படலம் படிந்து வரிகளை மறைத்துவிடும்.

தோய்த்தலும் துடைத்தலும்

கரைசல் ஆயத்தமாக இருந்தாலும் அலகு ஆயத்தமாக இல்லையெனில் பயனில்லை. அலகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்தும் வேலையும், பதப்படுத்தும் வேலையும் முன்னரே முடிந்திருக்க வேண்டும். உலையில் கரி இழந்த மேற்படலத்தைத் தேய்த்து நீக்க வேண்டும். பின்னர் 220, 400, 600, 1000 எனப் படிப்படியாக நுண்மை கூடிய உப்புத்தாள்களால் அலகைத் தேய்க்க வேண்டும். ஒரு படியில் எஞ்சிய கீறலை அமிலம் மறைக்காது. அதனை மேலும் எடுத்துக்காட்டும்.

விரலிலுள்ள எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் கரைசல் எஃகைத் தொடாது. கைரேகை அப்படியே அலகில் பதிந்துவிடும். ஆகையால் அசிட்டோன் கொண்டு துடைத்து, சோப்பு நீரால் கழுவி, அதன்பின் கையுறையோடு மட்டுமே அலகைத் தொட வேண்டும். தூய அலகின்மேல் நீர் ஒரே படலமாகப் பரவும். துளித்துளியாகப் பிரிந்து நின்றால் எண்ணெய்ப்பசை எஞ்சியுள்ளது என அறியலாம்.

அலகின் கைப்பிடிப் பகுதியை நெகிழிக் கயிற்றால் கட்டி, கலனின் சுவரையும் அடியையும் தொடாதவாறு கரைசலில் தொங்கவிட வேண்டும். 5 முதல் 10 நிமிடங்களில் வெளியே எடுத்தால் அலகு முழுவதும் கருமை படிந்திருக்கும். முதன்முறை காண்போர் வேலை கெட்டுவிட்டது என அஞ்சுவர். அக்கருமை அரிப்பினால் எஞ்சிய கரியும் ஆக்சைடும் ஆகும். நீரில் கழுவி, தட்டையான கட்டையில் சுற்றிய நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கும்போது மேடாக நிற்கும் நிக்கல் அடுக்குகள் பளிச்சிடும். பள்ளத்திலுள்ள அடுக்குகள் கருமையாகவே நிற்கும். இவ்வாறு மூன்று, நான்கு முறை தோய்த்துத் துடைக்க, வரிகள் ஆழம் பெறும். நகத்தால் வருடினால் மேடுபள்ளம் தெரியும் அளவே போதுமானது. கருமையைக் கூட்ட விரும்புவோர், அரிப்புக்குப் பின் அடர்த்தியான உடனடிக் காப்பித்தூள் கரைசலில் அலகைச் சில மணிநேரம் ஊறவைப்பதும் உண்டு.

இறுதியாக, சமையல் சோடா கலந்த நீரில் அலகை மூழ்கவைத்து எஞ்சிய அமிலத்தன்மையை நடுநிலையாக்க வேண்டும். இதனைச் செய்யாவிடில் அடுக்குகளின் இடுக்குகளில் தங்கிய கரைசல் நாள்பட அரித்துக்கொண்டே இருக்கும். பின்னர் நன்கு கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

உண்மையைக் காட்டும் அரிப்பு

அழகுக்காகத் தொடங்கிய அரிப்பு, அறிவியலுக்கும் வழிகாட்டியது. இங்கிலாந்தின் செபீல்டு நகரைச் சேர்ந்த என்றி கிளிப்டன் சோர்பி, 1863ஆம் ஆண்டில் எஃகுத் துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அரித்து, நுண்ணோக்கியில் கண்டார். ஒருபடித்தானது என எண்ணப்பட்ட எஃகு, பலவகைப் படிகங்களின் தொகுதி எனத் தெரிந்தது. சிப்பியின் உட்புறம்போல் மின்னிய ஒரு பகுதியை அவர் குறித்தார். முத்தைப் போன்றது என்னும் பொருளில் அது பின்னர்ப் 'பெர்லைட்' எனப் பெயர் பெற்றது. உலோகத்தின் உள்ளமைப்பை ஆராயும் உலோகவரைவியல் என்னும் துறை இவ்வாறு தோன்றியது. தண்டவாளம் முறிந்ததன் காரணத்தையும் எந்திர உறுப்பு தேய்ந்ததன் காரணத்தையும் கண்டறிய, இன்றும் பொறியாளர் மெருகேற்றி அரித்துப் பார்க்கின்றனர்.

அமெரிக்கக் கொல்லரான வில்லியம் மோரன் 1973இல் அடுக்கெஃகுக் கத்திகளைக் காட்சிப்படுத்திய பின், இக்கலை அங்குப் புத்துயிர் பெற்று உலகெங்கும் பரவியது. கலை பரவிய இடத்தில் போலியும் நுழைந்தது. ஒரே வகைச் சாதாரண எஃகின்மேல் அரிப்பைத் தடுக்கும் மையால் கோலமிட்டு, எஞ்சிய இடத்தை மட்டும் அமிலத்தால் அரித்து, 'டமாஸ்கஸ்' என விற்போர் உள்ளனர். இரண்டையும் வேறுபடுத்தும் வழி எளியது. அலகின் சிறு பகுதியை உப்புத்தாளால் தேய்த்து வரிகளை அழித்து, மீண்டும் கரைசலில் தோய்க்க வேண்டும். மெய்யான அடுக்கெஃகில் வரிகள் மீண்டும் எழும். போலியில் அவை திரும்புவதில்லை. கொல்லரின் பல நாள் உழைப்பையும் வாங்குவோரின் பணத்தையும் காப்பது இச்சிறு சோதனையே.

கழிவும் கடமையும்

வரிகள் வெளிப்பட்டதோடு வேலை முடிவதில்லை. பெர்ரிக் குளோரைடு கரைசலை மூடிய நெகிழிக் கலனில், பெயரும் எச்சரிக்கையும் எழுதி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஆற்றல் தீர்ந்த கரைசலில் இரும்போடு நிக்கல், மாங்கனீசு முதலியனவும் கரைந்திருக்கும். அதனைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் கூடாது. அகன்ற கலனில் வைத்துச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைத்து நடுநிலையாகி, பழுப்புநிற வண்டல் அடியில் படியும். அவ்வண்டலையும் தீங்கு தரும் கழிவாகவே கருதி, உரிய கழிவு மேலாண்மை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

இக்கடமையின் பொருளை உணர நொய்யல் ஆறே சான்றாகும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கொடுமணலின் உலைகள் எரிந்தபோது அருகில் ஓடிய அதே ஆறு, அண்மைக் காலத்தில் திருப்பூர்ப் பகுதிச் சாயப்பட்டறைக் கழிவால் பாழ்பட்டது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீரே தேங்கியது. கரையோர உழவர் தம் நிலத்தையும் கிணற்றையும் இழந்து வழக்குமன்றத்தை நாட நேர்ந்தது. ஒவ்வொரு பட்டறையும் தான் வெளியேற்றுவது சிறிதளவே என எண்ணியதன் கூட்டுப்பயன் அது. கத்திப் பட்டறையின் ஒரு லிட்டர் கரைசலுக்கும் இக்கணக்கு பொருந்தும்.

எஃகின் உள்ளே இருப்பதையே அமிலம் வெளிக்காட்டுகிறது. நன்கு பற்றவைத்த அடுக்கு தெளிந்த கோடாகத் தெரியும். பற்றாத இடம் கரிய பிளவாகத் தெரியும். அளந்து கலக்கும் பொறுமையும், பாதுகாப்பில் தளராத கவனமும், கழிவை ஏற்கும் பொறுப்பும் கொண்டவரே இக்கரைசலைக் கையாளத் தகுதியுடையவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கொல்லுப்பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
2. 'அமிலத்தை நீரில் ஊற்றுக. நீரை அமிலத்தில் ஊற்றற்க' என்பதன் காரணத்தை விளக்கி, ஆய்வுக்கூடத்தில் வைப்பதற்கு ஏற்ற அறிவிப்புப் பலகை ஒன்றை எழுதுக.

குறுவினா

1. அடுக்கெஃகில் ஓர் அடுக்கு கருமையாகவும் மற்றோர் அடுக்கு வெண்மையாகவும் தோன்றுவது ஏன்?
2. செம்பை அரித்த கரைசலைக் கத்தியின் அலகுக்குப் பயன்படுத்தலாகாது. ஏன்?

சிறுவினா

மெய்யான அடுக்கெஃகையும் போலியையும் வேறுபடுத்தி அறியும் முறையை விளக்குக.

நெடுவினா

கைவினைத் தொழில், அறிவியல், சுற்றுச்சூழல் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கட்டுரைவழி நிறுவுக.